நுங்கு கல்லாவதும் கிழங்காவதும்

ஒரே கொட்டை, நான்கு பருவம்

பனங்காயை இளமையில் வெட்டி, கண்ணுக்குள் விரலை விட்டுத் தோண்டி உண்ணும்போது நுங்கு நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதே குலையை வெட்டாமல் மரத்தில் விட்டால், சில வாரங்களில் நுங்கு முற்றிச் சீக்காயாகிப் பல்லுக்கு இணங்காமற் போகிறது; பழம் பழுத்து விழும் காலத்திலோ கொட்டைக்குள் இருப்பது கத்தியும் எளிதில் ஏறாத ஒரு வெள்ளைக் கல்லாகிவிடுகிறது. ஆனால் அந்தக் கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடி, மாரி மழை நனைத்த சில வாரங்களின் பின் பிளந்து பார்த்தால், கல் இருந்த இடத்தில் பஞ்சு போன்ற இனிப்பான பூரான் இருக்கிறது. இன்னும் சில மாதம் பொறுத்தால் பூரானும் வற்றி, கொட்டை வெறும் ஊமலாகி, மண்ணுக்குள் மாப் பிடித்த கிழங்கு நிற்கிறது.

வழுவழுப்பு, கடினம், இனிப்பு, மா என்ற இந்த நான்கும் ஒரே கொட்டைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. புதைத்தவர் எருவும் இடவில்லை, சீனியும் சேர்க்கவில்லை. முளை இன்னும் வெளிச்சத்தைக் காணாததால் சூரியனிடமிருந்தும் அது எதையும் பெறவில்லை. உள்ளே இருந்ததே உருமாறியது என்றால், மாறியது எது, மாறாமல் இருந்தது எது என்பதே இவ்வத்தியாயத்தின் கேள்வி.

இக்கேள்வியை எழுப்புவதற்குச் சிலாவத்துறை பொருத்தமான இடம். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், அரிப்புக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை நோக்கியபடி அமைந்த இக்கரையின் பெயரை, முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லோடு இணைத்துப் பொருள் கொள்வோர் உண்டு. ஒரு பக்கம் சிப்பியும் நண்டும் கடற்புல்லும், மறுபக்கம் பனையும் கள்ளும் ஒடியலும் என வாழும் இத்தகைய கரையில், உயிர்கள் வெல்லத்தைக் கொண்டு கட்டிய ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களும் சில மைல் தூரத்துக்குள் கிடைக்கின்றன.

காபனும் நீரும்

இலங்கைப் பாடநூல்கள் ‘காபோவைதரேற்று’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கார்போஹைட்ரேட்’ என்றும் எழுதும் சொல்லின் பொருள், காபனும் நீரும் கூடியது என்பதாகும். இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்த தொடக்ககால வேதியியலாளர்கள், அவற்றில் காபனுடன் ஐதரசனும் ஒட்சிசனும் நீரில் உள்ள அதே விகிதத்திலேயே இருப்பதைக் கண்டு இப்பெயரை இட்டனர். சீனியைச் சட்டியில் இட்டு அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ஆவி பறந்து கரி மிஞ்சுவதைப் பார்க்கும் எவரும் இப்பெயரின் நியாயத்தை ஒப்புக்கொள்வர். எனினும் உள்ளே நீர் நீராக இல்லை. அதன் அணுக்கள் காபனோடு பின்னிப்பிணைந்து வேறொரு பொருளாகவே இருக்கின்றன என்பதால், பெயர் சரியான கணக்காகவும் தவறான படமாகவும் ஒருங்கே அமைந்துவிட்டது.

இக்குடும்பத்தின் அடிப்படை உறுப்பினரை அறிவியல் தமிழில் ‘வெல்லம்’ என்பர். கடையில் கிடைக்கும் வெல்லக் கட்டியை இச்சொல் இங்கு குறிக்கவில்லை. இனிப்புப் பொருள்களின் எளிய மூலக்கூறுகள் அனைத்துக்கும் இது பொதுப்பெயர். அவற்றுள் தலையாயது குளுக்கோசு. இதில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள் உண்டு. பெரும்பாலான நேரம் இது ஒரு சிறிய வளையமாக மடிந்திருக்கிறது. வளையத்தின் பெரும்பாலான மூலைகளில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த குட்டையான ‘கை’ ஒன்று வளையத்தின் தளத்துக்கு மேலாகவோ கீழாகவோ நீண்டு நிற்கிறது. பனை ஓலை பகலில் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டையும், வேர் மண்ணிலிருந்து நீரையும் எடுத்து, வெயிலின் வலுவால் முதலில் உருவாக்குவது இத்தகைய எளிய வெல்லங்களையே. மரத்தின் மற்ற எல்லாப் பகுதிகளும் அவற்றை மூலப்பொருளாகக் கொண்டே தொடங்குகின்றன.

கையின் திசை

குளுக்கோசின் இரண்டாம் காபனில் உள்ள கையை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பினால் அது குளுக்கோசு அல்லாத வேறொரு வெல்லமாகிறது. அதன் பெயர் மன்னோசு. நான்காம் காபனின் கையை மட்டும் திருப்பினால் கிடைப்பது கலக்டோசு, அதாவது பாலில் உள்ள இனிப்பின் ஒரு பாதி. மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, எடையும் ஒன்றே. திசை மட்டுமே வேறு. வலக்கைக்குத் தைத்த கையுறை இடக்கையில் ஏறாதது போல, ஓர் உயிரின் உடல் இம்மூன்றையும் வெவ்வேறு பொருள்களாகவே நடத்துகிறது.

இந்த நுண்ணிய வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தவர் எமில் பிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அதற்காகவும் பிற பணிகளுக்காகவும் 1902இல் நோபல் பரிசு பெற்றார். மன்னோசு என்ற பெயர் ‘மன்னா’ எனப்படும் ஒரு மரப்பிசினின் இனிப்பிலிருந்து வந்தது. மன்னார் என்ற ஊர்ப்பெயருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஓசை ஒப்புமையை வைத்து ஊர்ப் பெருமை பேசும் ஆவலை இங்கு அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் மன்னார்ப் பனங்கொட்டைக்குள் நிறைந்திருப்பது பெரும்பாலும் மன்னோசே என்பது உண்மை.

கை எப்பக்கம் நிற்கிறது என்பதைப் போலவே, வளையங்கள் எப்படிப் பூட்டப்படுகின்றன என்பதும் முக்கியம். இரண்டு வெல்ல வளையங்கள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியேற, ஒட்சிசன் அணு ஒன்று பாலமாக நிற்கிறது. முதலாம் காபனின் கை கீழ்நோக்கி இருக்கையில் பூட்டு விழுந்தால் சங்கிலி மெல்ல வளைந்து, சுருட்டி வைத்த தோணிக் கயிறு போலச் சுருளாகிறது. இதனை ‘வளைபூட்டு’ எனலாம். அதே கை மேல்நோக்கி இருக்கையில் பூட்டு விழுந்தால் வளையங்கள் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நின்று, சங்கிலி நீட்டிப் பிடித்த நாடா போல நேராகிறது. இதனை ‘நேர்ப்பூட்டு’ எனலாம். இவ்விரு சொற்களும் இனி வருவன அனைத்துக்கும் போதுமானவை.

நுங்கு ஏன் வழுக்குகிறது

நுங்கின் சதை என்பது வளரப்போகும் முளைக்காகத் தாய்மரம் கட்டித்தரும் உணவு. அதன் முதன்மைப் பொருள், மன்னோசு வளையங்கள் நேர்ப்பூட்டால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அச்சங்கிலியில் இடையிடையே ஒரு கலக்டோசு வளையம் பக்கக் கிளையாகத் தொங்குகிறது. இரு வெல்லங்களின் பெயர்களையும் சேர்த்து இதனைக் கலக்டோமன்னான் என்பர்.

நேரான சங்கிலிகள் இயல்பாகவே ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ள விரும்புபவை. ஆனால் பக்கத்தில் தொங்கும் கலக்டோசுகள் அவற்றை நெருங்கவிடுவதில்லை. மட்டையோடு கூடிய பனை ஓலைகளைக் கட்டாகக் கட்டும்போது மட்டைகள் இடறி இடைவெளி விழுவது போல, சங்கிலிகளுக்கிடையே இடம் விழுகிறது. அந்த இடத்தில் நீர் புகுந்து தங்குகிறது. நுங்கின் எடையில் மிகப் பெரும் பங்கு நீராக இருந்தும் அது சிந்தி ஓடாமல் ஒரு வடிவத்தில் நிற்பதற்குக் காரணம், அந்நீரைச் சங்கிலிகள் சூழ்ந்து பிடித்திருப்பதே.

இதனைச் சமையலறையிலேயே பார்க்கலாம். வெந்தயத்தை இரவில் ஊறவிட்டால் காலையில் அதைச் சுற்றி வழுவழுப்பான பசை படர்கிறது, அதுவும் கலக்டோமன்னானே. வெந்தயத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு மன்னோசுக்கும் ஒரு கலக்டோசு தொங்குகிறது. ஐஸ்கிரீமையும் சோஸ் வகைகளையும் தடிப்பாக்கச் சேர்க்கப்படும் கொத்தவரைப் பசையில் இரண்டு மன்னோசுக்கு ஒரு கலக்டோசு. கிளை கூடக்கூடச் சங்கிலி நீரில் எளிதாக அவிழ்கிறது. கிளை குறையக்குறைய அவிழ மறுக்கிறது. நுங்கு கல்லாகும் விந்தையின் விடை இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

சுவரே களஞ்சியம்

காய் முற்றமுற்ற, நுங்கின் உயிரணுக்கள் தத்தம் சுவர்களில் மேலும் மேலும் மன்னோசுச் சங்கிலிகளைப் படியவிடுகின்றன. அவற்றில் கலக்டோசுக் கிளைகளின் பங்கு குறைந்துகொண்டே போகிறது. இடறுவதற்கு மட்டை இல்லாத ஓலைகள் இறுக அடுக்கப்படுவது போல, கிளை இழந்த சங்கிலிகள் நெருங்கி ஒட்டுகின்றன. இடையில் இருந்த நீர் வெளியேறுகிறது. எண்ணற்ற சிறு ஈர்ப்புகள் சேர்ந்து சங்கிலிக் கட்டைப் பிரிக்கமுடியாததாக்குகின்றன. மன்னான் என்ற இப்பொருள் நீரிலும் கரையாது, வெந்நீரிலும் மசியாது. சீக்காயைத் தின்ற சிறுவர்களுக்கு வயிறு நோவதில் வியப்பில்லை; மனிதரின் செரிமானச் சாறுகளில் மன்னோசுச் சங்கிலியின் நேர்ப்பூட்டைத் திறக்கும் நொதியம் எதுவுமில்லை. நொதியம் என்பது, உயிர்கள் ஒரு குறிப்பிட்ட வேதிவேலையை விரைந்து செய்து முடிக்க உருவாக்கும் புரதக் கருவி. இளநுங்கின் சதையும் அவ்வாறே பெரும்பாலும் செரிக்காமல் குடலுக்குள் செல்கிறது. அதில் நாக்கு உணரும் மெல்லிய இனிப்பு, கண்ணுக்குள் தேங்கிய நீரில் தனியாகக் கரைந்துள்ள சிறிதளவு வெல்லத்தினுடையது.

தென் அமெரிக்காவில் வளரும் ஒரு பனையினத்தின் விதை இதைவிடவும் கடினமானது. அதைக் கடைந்து சட்டைப் பொத்தான் செய்தனர். யானைத் தந்தத்துக்கு மாற்றாகவும் விற்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தந்தப்பனை விதையை அமிலத்தில் கொதிக்கவைத்துப் பெற்ற இனிப்பைப் புது வெல்லமென்று கருதி வேறு பெயரும் இட்டனர். பின்னர் அது மன்னோசே என்று தெரிந்தது. பொத்தான் என்று எண்ணியதைச் சரியாகத் திறந்தால் அது இனிப்பாக இருந்திருக்கிறது.

நெல்லைப் போல மாவாகவே சேமித்து வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பனை தன் சேமிப்பை உயிரணுவின் உள்ளறையில் வைக்காமல் சுவரிலேயே வைக்கிறது. குதிருக்குள் நெல்லைப் போடுவதற்குப் பதில் குதிரின் சுவரையே நெல்லால் கட்டுவதற்கு ஒப்பான ஏற்பாடு இது. வறண்ட மணலில் மாதக்கணக்காகக் கிடக்க வேண்டிய விதைக்கு, கடினமும் உணவும் ஒன்றாகவே இருப்பது இரட்டை நன்மை. எலிக்கும் வண்டுக்கும் அது கல். முளைக்கு மட்டுமே சோறு.

பூரானின் வேலை

ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களைப் பிசைந்து, களியைப் பனங்காய்ப் பணியாரத்துக்கும் பனாட்டுக்கும் எடுத்தபின், கொட்டைகளைப் பாத்தியில் அடுக்குவது வடபுலத்து வழக்கம். ஈரம் பட்டதும் முளை தடித்த குழாய் போன்ற ஒரு தண்டை வெளியே நீட்டி, அதைக் கீழ்நோக்கி மண்ணுக்குள் செலுத்துகிறது. புதுச்செடி அக்குழாயின் கீழ்நுனியில்தான் உருவாகிறது. மேல்நுனியோ கொட்டையை விட்டு வெளியே வருவதேயில்லை. அது உள்ளேயே பருத்துப் பஞ்சாகி, கல்லைத் தின்றுகொண்டே கல்லின் இடத்தைப் பிடிக்கிறது. அதுவே பூரான், தாவரவியல் நோக்கில் அது வித்திலையின் உறிஞ்சும் உறுப்பு.

பூரானைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தில் மட்டும் கல் இளகுகிறது. அதற்கு ஒரு நூலளவு அப்பால் அது இன்னும் கல்லாகவே இருக்கிறது. இளகும் இடத்தில் வேலை செய்வது, மன்னோசுச் சங்கிலியின் நேர்ப்பூட்டை மட்டும் திறக்கும் நொதியம். ஒரு நொதியமும் அது மாற்றும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்ற புகழ்பெற்ற உவமையை 1894இல் முன்வைத்தவரும் மேலே குறிப்பிட்ட பிஷரே. பூட்டைத் திறக்கும்போது, கட்டும்போது கழன்றுபோன நீர் மூலக்கூறு திரும்ப உள்ளே நுழைகிறது. பாத்திக்கு ஈரம் வேண்டும் என்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று: நீர் கொட்டையை நனைக்க மட்டும் வருவதில்லை, திறக்கப்படும் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு மூலக்கூறாகச் செலவாகிறது.

கழன்ற மன்னோசைப் பூரான் உறிஞ்சி, அதன் அணு அமைப்பை மாற்றிக் குளுக்கோசாகவும் பிரற்றோசு என்ற மற்றொரு வெல்லமாகவும் ஆக்கி, இரண்டையும் இணைத்துச் சுக்குரோசாக்குகிறது. சுக்குரோசு என்பது நாம் தேநீரில் இடும் அதே சீனி. தாவரங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உணவு அனுப்பும்போது பெரும்பாலும் பயன்படுத்தும் வடிவமும் இதுவே. பூரான் இனிப்பதற்குக் காரணம், அது களஞ்சியம் அன்று, வண்டிகள் புறப்படும் நிலையம் என்பதே.

கிழங்கும் ஒடியலும்

பனங்கிழங்கு உண்மையில் வேர் அன்று. மண்ணுக்குள் இளங்குருத்தைச் சுற்றி உறையாக அமைந்து, சதைப்பிடித்துத் தடித்த முதல் இலையுறையே கிழங்காகிறது. அங்கு வந்து சேரும் சுக்குரோசு மீண்டும் குளுக்கோசாகப் பிரிந்து, இம்முறை வளைபூட்டால் சங்கிலியாகக் கோக்கப்படுகிறது. அப்படிக் கோத்த பொருளே மாப்பொருள். தமிழ்நாட்டு வழக்கில் மாவுச்சத்து.

வந்த சீனியைச் சீனியாகவே வைத்துக்கொள்ளாமல் மீண்டும் சங்கிலியாக்கும் உழைப்பு எதற்கு? கரைந்திருக்கும் ஒவ்வொரு வெல்ல மூலக்கூறும் தன்னை நோக்கி நீரை இழுக்கிறது. ஆயிரம் குளுக்கோசு தனித்தனியே கரைந்திருந்தால் இழுப்பு ஆயிரம்; அவற்றை ஒரே சங்கிலியாகக் கோத்தால் இழுப்பு ஏறத்தாழ ஒன்று. கிழங்கின் மா முழுவதும் வெல்லமாகக் கரைந்திருந்தால், உயிரணுக்கள் நீரை இழுத்திழுத்து வெடித்துப்போகும். மாப்பொருளோ நீரில் கரையாத சிறுமணிகளாகச் சுருண்டு, தொந்தரவில்லாமல் காத்திருக்கிறது.

இம்மணிகளின் இயல்பே ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குகிறது. பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதில் மாமணிகள் குலையாமல் அப்படியே இருக்கின்றன. அதை இடித்த மாவைக் கொதிக்கும் கூழில் கரைத்து விடும்போது, மணிகள் ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியசு வெப்பத்தில் நீரை உறிஞ்சி ஊதி உடைய, சுருள்கள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக் கூழ் தடிக்கிறது. புழுக்கொடியல் என்பது கிழங்கை முதலில் அவித்து, பிறகு காயவைத்தது. அதன் மணிகள் அவியும்போதே உடைந்துவிட்டன. ஆறிக் காயும்போது அவிழ்ந்த சுருள்கள் நெருங்கி மீண்டும் அடுக்கிக்கொள்வதால் அது பல்லுக்குச் சவாலான கடினத்தை அடைகிறது. ஏற்கெனவே வெந்தது என்பதால் அதன் மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அப்படியே உண்ணலாம். ஆனால் கூழைத் தடிப்பாக்கும் வலு அதில் ஒடியல் அளவுக்கு இல்லை. எந்த மா எதற்கு என்று பிழையின்றிப் பிரித்து வைத்த கைகள், சுருளும் மணியும் பற்றி எதுவும் படித்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கிழங்கைத் தின்னும்போது நடுவில் உரித்து எறியப்படும் நாரும் குளுக்கோசுச் சங்கிலியே என்பதுதான் இங்கு மிகப் பெரிய வியப்பு. நாரின் முதன்மைப் பொருளான செலுலோசில் வளையங்கள் அதே குளுக்கோசு வளையங்கள்; பூட்டு மட்டும் நேர்ப்பூட்டு. மன்னானைப் போலவே நேரான அச்சங்கிலிகள் கட்டுக்கட்டாக ஒட்டி, ஓலையையும் நாரையும் வளையையும் நிமிர்ந்து நிற்கவைக்கின்றன. 1838இல் பிரான்சின் அன்செல்ம் பாயன் இதைத் தாவரப் பொருளிலிருந்து பிரித்தறிந்தபோது, அதன் அணுக்கணக்கு மாப்பொருளின் கணக்கோடு ஒத்திருந்தது. கூரைக்குத் தாங்கும் பனைவளையும் கூழுக்குத் தடிக்கும் ஒடியல் மாவும் கணக்கில் ஒன்றாகவே வருவது எப்படி என்ற புதிர் விடுபட ஒரு நூற்றாண்டு அளவு பிடித்தது.

இனிப்பும் கசப்பும்

பாளையைச் சீவி இறக்கும் கருப்பநீர், அதாவது தமிழ்நாட்டுப் பதநீர், பூரானில் கண்ட அதே சுக்குரோசைச் சுமந்துவருகிறது. 100 கிராமில் ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் அளவுக்கு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிச் சீனி சீனியாகவே நின்று பனங்கட்டியாகிறது. பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிறது.

வெல்லம் என்றால் இனிப்பே என்ற எண்ணத்தைப் பனம்பழம் தகர்க்கிறது. சில மரங்களின் பழக்களி கசப்பதற்குக் காரணமான பொருள்களை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பிளபெலிபெரின் எனப்படும் இப்பொருள்கள், கொழுப்பை ஒத்த ஓர் உடலில் வெல்ல வளையங்கள் ஒட்டியவை. கசப்பு மிகுந்த ஒருவகையில் நான்கு வெல்ல வளையங்கள் உண்டு. நொதியத்தால் ஒரு குளுக்கோசைக் கழற்றினால் கசப்பு நீங்குகிறது. இனிப்பான ஒரு துண்டை அகற்றக் கசப்புக் குறைவது, நாக்கு சுவைப்பது துண்டுகளை அல்ல, முழு உருவத்தையே என்பதைக் காட்டுகிறது.

சிப்பிக்குள் இருக்கும் வெல்லம்

சிலாவத்துறைக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேற்றப்பட்டன. அவை குவித்து அழுகவிடப்பட்டு, சதை கரைந்தபின் கழுவி முத்துத் தேடப்பட்டது. அழுகிக் கழிந்த அச்சதையில் கணிசமான வெல்லச் சேமிப்பு இருந்தது. விலங்குகள் மாப்பொருளைச் சேமிப்பதில்லை. அதன் உறவான கிளைக்கோசனைச் சேமிக்கின்றன. 1850களில் குளோட் பெர்னார்ட் ஈரலில் கண்டறிந்த இதிலும் குளுக்கோசு வளையங்கள் வளைபூட்டால் கோக்கப்பட்டுள்ளன. ஆனால் சங்கிலி அடிக்கடி கிளைத்துக் கிளைத்துப் புதராகிறது. நொதியங்கள் சங்கிலியின் நுனியிலிருந்தே குளுக்கோசைக் கழற்றுவதால், நுனிகள் மிகுந்த புதரிலிருந்து ஒரே நேரத்தில் ஏராளமானவற்றைக் கழற்றலாம். நின்ற இடத்தில் நிற்கும் பனைக்கு அவசரமில்லை. ஓட வேண்டிய, மூழ்க வேண்டிய விலங்குக்கு உண்டு.

ஓட்டை இறுக மூடிக்கொண்ட சிப்பி, ஒட்சிசன் இல்லாத நிலையிலும் கிளைக்கோசனை அரைகுறையாக உடைத்து உயிர்தாங்குகிறது. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஒரு நிமிட அளவு மூச்சடக்கிப் பாரில் இறங்கிய குளியாளின் தசையும் அதே பொருளையே அதே அரைகுறை வழியில் செலவிட்டது. வளர்ந்த மனிதரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் அதனினும் சில மடங்கும் கிளைக்கோசன் இருக்கிறது. பறிப்பவரும் பறிபடுவதும் கடலடியில் ஒரே எரிபொருளில் ஓடிய விந்தையை முத்துக்குளிப்புக் கணக்குகள் பதிவு செய்யவில்லை.

முத்திலும் வெல்லம் உண்டு. முத்தின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு அளவு கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக் கல்லின் பொருள். அது மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள சின்னஞ்சிறு ஓடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. அடுக்குகளுக்கிடையே புரதமும் கைற்றினும் கலந்த மென்படலம் விரிந்திருக்கிறது. கைற்றின் என்பது நைதரசன் சேர்ந்த ஒரு சிறு துணைக்குழு ஒட்டிய குளுக்கோசு வளையங்களின் நேர்ப்பூட்டுச் சங்கிலி. நண்டின் ஓடும் இறாலின் தோலும் வண்டின் சிறகும் அதனாலேயே விறைத்து நிற்கின்றன. சிப்பியின் உள்ளோட்டுத் துண்டை வினாகிரியில் நீண்ட நேரம் இட்டால் சுண்ணாம்பு குமிழியிட்டுக் கரைய, ஒளி இழந்த மெல்லிய ஏடுகள் மிஞ்சும். சுண்ணாம்பு மட்டுமாக இருந்தால் எளிதில் நொறுங்கும் ஓட்டை, வெடிப்பு அடுக்குக்கு அடுக்குத் தடைப்பட்டு நிற்கச்செய்து உறுதியாக்குவதில் இந்த ஏடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நேர்ப்பூட்டைத் திறப்பவர்கள்

மன்னார் நகரில் திரியும் கழுதைகளும் வளைகுடாவின் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவும் பார்வைக்கு எந்த ஒற்றுமையும் இல்லாதவை. ஆனால் இரண்டும் நாள் முழுவதும் தின்பது செலுலோசு மிகுந்த புல். இரண்டுக்குமே அதன் நேர்ப்பூட்டைத் தாமாகத் திறக்கும் நொதியம் கிடையாது. இரண்டும் குடலின் பிற்பகுதியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைக் குடிவைத்து, அவற்றைக் கொண்டே திறந்துகொள்கின்றன. ஆவுளியாவின் பெருங்குடல் 25 மீற்றர் வரை நீள்வதற்குக் காரணம், அத்திறப்பு மெல்லவே நடக்கும் வேலை என்பது. மாடும் ஆடும் இதே குடியிருப்பை இரைப்பைக்கு முன்னறையில் வைத்திருக்கின்றன.

மனிதக் குடலில் இந்த ஏற்பாடு மிகச் சிறிது. வளைபூட்டைத் திறக்கும் நொதியம் உமிழ்நீரிலேயே இருப்பதால் ஒடியற் கூழ் வாயிலேயே இனிக்கத் தொடங்குகிறது. அதே கூழில் கிடக்கும் பயிற்றங்காயின் நார் செரிக்காமல் குடல்வரை போகிறது. நண்டின் ஓடு சப்பித் துப்பப்படுகிறது. கூழ் ஊற்றிக் குடிக்கும் பிளா, பனை ஓலையை மடித்துக் கோலியது. கூழுக்குள் வளைபூட்டில் குளுக்கோசு, பிளாவில் நேர்ப்பூட்டில் குளுக்கோசு. கூழைக் குடித்தவர் பிளாவை வேலியோரம் வீசிவிட்டு எழுகிறார். அங்கே கட்டியிருக்கும் மாடு அதைத் தின்கிறது.